சீராக்கப்படும்

சீராக்கப்படும் என்று வாசிக்க வேண்டிய இடத்தில் தில்லைநாயகத்தின் வாயிலிருந்து மறுபடியும் சீரழிக்கப்படும் என்றுதான் வந்தது. அட, இதென்ன கூத்து! காலையிலிருந்து இதே இடறல். நீர்வளம், நெடுஞ்சாலை, கூட்டுறவு, கால்நடை என்று மற்ற பத்தியெல்லாம் வழுக்கிக்கொண்டு போகிறது, எண்பத்தேழாம் பத்திக்கு வந்தால் மட்டும் நாக்கு சண்டித்தனம் பண்ணுகிறது. நாளைக் காலையில் சட்டமன்றத்தில், எதிர்வரிசைக்காரன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, மாநிலத்தின் நிதியமைச்சர் இப்படி ஒரு வார்த்தையை உளறிவைத்தால் அப்புறம் ஊர் சிரிக்கும், பொழுது சாய்வதற்குள் கைபேசிக்குக் கைபேசி தாவும், மீம்ஸ் போடுகிற பயல்களுக்குக் கொண்டாட்டம்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டு நுனியில் துடைத்தார். துடைத்தால் மட்டும் எழுத்து மாறிவிடவா போகிறது? மடியில் கிடந்தது இரண்டு தாள். இரண்டின் தலையிலும் எண்பத்தேழு என்றே போட்டிருந்தது. ஒன்று வரி, இன்னொன்று வெட்டு. பட்ஜெட் உரை முழுக்க அச்சாகிவிட்டது, இந்த ஒரு பக்கம்தான் பாக்கி. சாயங்காலத்துக்குள் எந்தத் தாள் என்று சொல்லியாக வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு போவதற்காகவே நிதித்துறை இணைச் செயலாளர் ஜெபமணி முன்னறையில் உட்கார்ந்து, வேண்டாம் வேண்டாம் என்றபடியே மூன்றாவது காபியைக் குடித்துக்கொண்டிருக்கிறார். தில்லைநாயகத்துக்கு மத்தியானச் சாப்பாடு இன்னும் நெஞ்சிலேயே நின்றது. அமைச்சர் பங்களாவின் பச்சைத் திரைச்சீலைகளுக்குப் பின்னால் வெயில் அசையாமல் இருந்தது.

வெட்டுத் தாளை விட்டுவிட்டு வரித் தாளை எடுத்தார். இருசக்கர வாகனங்களுக்கான ஆயுட்கால வரி உயர்த்தப்படும். அவ்வளவுதான், முடிந்தது, குழந்தைக்குக்கூடப் புரியும். உயர்த்தப்படும் என்ற வார்த்தையை எந்தப் புலவனைக் கூப்பிட்டு வந்தாலும் ஒளித்துவைக்க முடியாது, எத்தனை துணி போர்த்தினாலும் கொம்பு வெளியே தெரியும். ஜெபமணியும் முயன்றுதான் பார்த்தார் பாவம், திருத்தியமைக்கப்படும் என்று போட்டுப் பார்த்தார், முறைப்படுத்தப்படும் என்று போட்டுப் பார்த்தார், வாசித்த குமாஸ்தா ஒருத்தன், வண்டி விலை ஏறப்போவுதா சார் என்று கேட்டுவிட்டானாம். வரியின் சங்கடமே அதுதான், எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது. மாசத் தவணையில் பைக் எடுக்கிற ஒவ்வொரு பயலும் அவன் அப்பனும் நாளைக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் தில்லைநாயகத்தின் வம்சத்தையே இழுப்பார்கள். தேர்தல் வேறு வாசலில் வந்து நிற்கிறது. வெட்டுக்கோ அந்தக் கவலை கிடையாது. பயன்பாடு குறைந்த ஆரம்ப சுகாதார நிலையங்களின் இரவுநேர மகப்பேறு சேவைகள் அருகிலுள்ள மேம்படுத்தப்பட்ட மையங்களுடன் ஒருங்கிணைக்கப்பட்டுச் சீராக்கப்படும். என்ன அழகு! என்ன ஓட்டம்! பூட்டு என்கிற வார்த்தை எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் இனி ராத்திரிப் பிரசவம் கிடையாது, வலி எடுத்தால் அடுத்த ஊருக்கு ஓடு என்று அதற்கு அர்த்தம், ஆனால் அப்படி யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. முதல்வர்கூடச் சொல்லவில்லை. முந்தாநாள் கோப்பைத் தில்லைநாயகத்தின் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, ரெண்டும் ஒரே பள்ளத்தைத்தான் மூடும், எந்த மண்ணை வெட்டிப் போடறதுன்னு நீங்களே சொல்லுங்க, வாசிக்கப்போறது நீங்கதானே என்று சிரித்தார். நல்லது நடந்தால் அரசுக்கு, கெட்டது நடந்தால் தில்லைநாயகத்துக்கு என்று அதற்கு அர்த்தம், இத்தனை வருஷம் அரசியல் பண்ணியவருக்கு இதுகூடவா தெரியாது?

காலையில் ஜெபமணியிடம் தெரியாமல் ஒன்று கேட்டுவிட்டார். நம்ம புளியங்கால் ஆஸ்பத்திரியும் இதுல வருதா ஜெபமணி? ஜெபமணி கோப்பைப் பார்க்காமலேயே, வருது சார், அங்க மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு பிரசவம்தான், ஆனா நீங்க சொன்னா அதை மட்டும் எடுத்துடலாம் என்றார். எடுத்துடலாம் என்று அவர் சொன்ன விதம், இலையில் வைத்த ஊறுகாயை ஒதுக்கிவைப்பது மாதிரி. ஒரு நிமிஷம், ஆமாம், ஒரு முழு நிமிஷம் தில்லைநாயகம் எடுத்துடுங்க என்று சொல்லத்தான் இருந்தார். அப்புறம் எதிர்க்கட்சிக்காரன் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவானே என்று பயந்து, என் ஊருன்னு ஒரு சலுகையும் வேண்டாம் என்று சொல்லிவைத்தார். ஜெபமணியின் கண்ணில் அப்போது ஒரு மரியாதை வந்தது பாருங்கள், அது வந்திருக்கவே கூடாது. அதிலிருந்துதான் நாக்கு பிறழ ஆரம்பித்தது, இப்போது யோசித்தால் அப்படித்தான் தெரிகிறது, அந்த மரியாதையை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட நேரத்திலிருந்துதான். புளியங்கால் ஆஸ்பத்திரி. இரும்பு கேட். கேட்டில் ஒரு பித்தளைப் பூட்டு. இல்லை, அதை நினைக்கக் கூடாது, சாப்பிட்ட சோறு செரிக்க வேண்டும், சர்க்கரை மாத்திரை போட்டேனா இல்லையா, போட்டேன், மரகதம்தான் கையில் கொடுத்தாள், அவள் தினமும் கொடுக்கிறாள், மறந்ததே இல்லை. அவர் மறுபடி தாளை எடுத்து மெல்ல, ஒவ்வொரு எழுத்தாக, சீ ரா க்க என்று பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டினார். வந்துவிட்டது. சேர்த்துச் சொன்னால் திரும்பவும் பழைய கதைதான்.

பித்தளைப் பூட்டு பெரியது. அந்த இத்துப்போன கட்டடத்துக்கு அவ்வளவு பெரிய பூட்டு எதற்கு என்று அன்றைக்கே தோன்றியது. அப்போது அவர் அமைச்சரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, உரக்கடை வைத்துக்கொண்டு கட்சிக் கொடி கட்டுகிற ஒன்றியச் செயலாளர். யூரியா மூட்டை ஏற்றுகிற வேனில்தான் மனைவி மரகதத்தைப் பிரசவத்துக்குப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள், நாள் இன்னும் இருக்கிறது என்று நர்சம்மா சொல்லியிருந்தாள், வலி அதைக் கேட்கவில்லை. விளக்கு வைக்கிற நேரம்கூட இல்லை அது, வானத்தில் வெளிச்சம் இருந்தது, மாடுகள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. கேட் பூட்டியிருந்தது. நர்சம்மாவுக்கு அங்கே தங்க வீடு கிடையாது, சாயங்காலப் பஸ்ஸை விட்டால் அவளுக்கு ஊர் போய்ச் சேர வழியில்லை, அவளைக் குறை சொல்ல முடியாது, அவர் குறை சொன்னதும் இல்லை. கல்லை எடுத்துப் பூட்டைத் தட்டினார். தட்டத் தட்ட அது ணங் ணங் என்று கோயில் மணி மாதிரி அடித்ததே தவிரத் திறக்கவில்லை. திறந்திருந்தால் மட்டும் என்ன, உள்ளே யார் இருந்தார்கள், சும்மா ஒரு கட்டிலும் ஒரு தராசும். பஸ்ஸைப் பிடித்தால் நர்சம்மாவைத் திருப்பிக் கூட்டிவந்துவிடலாம் என்று செருப்பைக்கூட மாட்டாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். ஓடியதுதான் மிச்சம், முக்கில் திரும்புகிற பஸ்ஸின் பின்பக்கம்தான் தெரிந்தது, கத்தினார், யாருக்குக் கேட்டது? திரும்பி வந்தபோது வேன் டிரைவர் தூரத்தில் புளியமரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான், இவரைப் பார்க்கவே இல்லை. அப்போதே தெரிந்துபோயிற்று. பெண் குழந்தை. சேலைத் துண்டில் சுற்றியிருந்தது, மரகதம் அதை மார்போடு அணைத்திருந்தாள், கண்ணைத் திறந்து வேனின் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தண்ணி வேணும் என்று மட்டும் கேட்டாள். செத்தே பிறந்திருக்கும் என்று மதுரை டாக்டர் பின்னால் சொன்னார். அல்லது அவராகவே அப்படிக் கேட்டு, டாக்டர் தலையாட்டினாரா? செத்தே பிறந்தது என்றால் பூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, திறந்திருந்தாலும் அதேதான். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷன் இத்தனை வருஷம் ராத்திரி தூங்கியிருக்கிறார்.

அதற்கப்புறம் மரகதம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒரு வார்த்தை? இல்லை. அழுதாளா? அவர் பார்த்து இல்லை. பிறகு மதுரையில் நல்லபடியாகப் பையன் பிறந்தான், வளர்ந்தான், இப்போது பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறான், அவன் பிறந்த கதையை ஆயிரம் தடவை சொல்லுவாள், முந்தையதைத் தொடமாட்டாள். தொடவைக்க அவருக்கும் தைரியம் வரவில்லை. முதல் தடவை ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனதும் அவர் தலைகீழாக நின்று வாங்கிய முதல் உத்தரவே புளியங்காலுக்கு ராத்திரி நர்சு, நர்சுக்கு வீடு, வாசலில் எந்நேரமும் எரிகிற விளக்கு. பின்னால் அது மாநிலம் முழுக்கத் திட்டமாக விரிந்தபோது மேடைக்கு மேடை அவர் பெயரைச் சொன்னார்கள். திறப்பு விழாவுக்கு மரகதத்தையும் அழைத்துப் போனார். அவள் காரை விட்டு இறங்கவே இல்லை. வெயிலா இருக்கு, நீங்க போய்ட்டு வாங்க என்றாள். அன்றைக்கு மேகமூட்டம். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தக் கேட்டையா, இவரையா என்று அவர் யோசிக்காத வருஷமில்லை. என்னை மன்னிச்சிட்டியா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மன்னிக்க என்ன இருக்கிறது, ஓடத்தானே செய்தேன், ஓடியது தப்பா? தப்பில்லை. ஆனால் பக்கத்தில் இல்லை. பக்கத்தில் இல்லை என்பதை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அது அப்படியே முறைத்துக்கொண்டு நிற்கிறது. இப்போது அந்த விளக்கை அணைக்கச் சொல்லி எழுதியிருக்கிற தாள் அவர் மடியிலேயே கிடக்கிறது, அவர் வாயாலேயே அதை வாசிக்க வேண்டும், நல்ல வேடிக்கைதான்.

உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. மரகதம் தூங்கி எழுந்துவிட்டாள். தில்லைநாயகம் இரண்டு தாளையும் அவசரமாகச் சேர்த்து அடுக்கினார். ஏனென்றால் இது வருஷா வருஷம் நடக்கிற சடங்கு, பட்ஜெட்டுக்கு முதல் நாள் அவர் வாசிப்பார், அவள் எதிரே உட்கார்ந்து கேட்பாள், எங்கே வார்த்தையை விழுங்குகிறார், எங்கே மூச்சு வாங்காமல் ஓடுகிறார் என்று சொல்லுவாள். பட்ஜெட் ரகசியமாவது ஒன்றாவது, மரகதத்தின் காதுக்குள் போனது எதுவும் இதுவரை வெளியே வந்ததில்லை, அது அவரைவிட யாருக்குத் தெரியும்? அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வந்ததும் உடம்பு லேசானது, லேசானதும் வெட்கமாகவும் இருந்தது. அவளிடமே விட்டுவிடுவது. அவளுக்குத் தெரியாமலேயே அவளிடம் விட்டுவிடுவது. வெட்டுத் தாளை வாசிப்போம், அவள் முகம் மாறினால், புருவம் ஒரு துளி சுருங்கினால் போதும், ஜெபமணியைக் கூப்பிட்டு வரியையே போடு, பைக் வாங்குகிறவன் திட்டட்டும், தேர்தலில் தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிடலாம். சத்தியமாகச் சொல்லிவிடுவார். ஊரில் எவனுக்கும் அவர் பயப்படமாட்டார், முதல்வருக்குக்கூடப் பாதிப் பயம்தான், அவளுடைய அந்தத் தகரக் கூரையைப் பார்க்கிற கண்ணுக்குத்தான் முழுப் பயம். அவள் வெளியே வந்தபோது கையில் முருங்கைக்கீரையும் முறமும் இருந்தன. இந்த வீட்டில் சமையலுக்கு அரசாங்கமே ஆள் போட்டிருக்கிறது, கீரை ஆய்வதை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஆரம்பிங்க, ஏன் முகம் வெளுத்துக் கெடக்கு, மாத்திரை ஒத்துக்கலையா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. கேளு" என்று சொல்லிவிட்டு அவர் எண்பத்தைந்திலிருந்து தொடங்கினார். மீன்பிடித் துறைமுகம். அவள் கீரையை உருவிக்கொண்டே, "துறைமுகம்னு தெளிவாச் சொல்லுங்க, தொறமொகம்னு காதுல விழுது" என்றாள். திருத்திக்கொண்டார். எண்பத்தாறு, பள்ளிக் கட்டடங்கள், அது நன்றாகப் போயிற்று. அடுத்த தாளை எடுக்கும்போது விரல் ஒட்டியது, வியர்வை. பயன்பாடு குறைந்த என்று ஆரம்பித்தார். அவர் குரல் அவருக்கே வேறு யாரோ பக்கத்து அறையில் பேசுவது போலக் கேட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களின் இரவுநேர மகப்பேறு சேவைகள். அவள் கை நின்றது. கீரைக்காம்பு விரலிடுக்கில் அப்படியே இருந்தது. பார், பார், தெரிந்துபோயிற்று, தாயே, தெரிந்துபோகட்டும், அதுதான் வேண்டும், நிறுத்தாதே வாசி. அருகிலுள்ள மேம்படுத்தப்பட்ட மையங்களுடன் ஒருங்கிணைக்கப்பட்டுச் சீராக்கப்படும். வார்த்தை ஒரு பிசிறில்லாமல் விழுந்தது. தாளை விட்டு அவர் கண்ணைத் தூக்கவில்லை. எங்கோ ஒரு கார் பின்னால் எடுக்கிற பீப் பீப் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"அதை இன்னொருக்க வாசிங்க" என்றாள் மரகதம்.

வாசித்தார். இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே இடம் விட்டு வாசித்தார், அவளுக்கு வழி விடுகிற மாதிரி.

"ராத்திரிப் பிரசவத்துக்கா?"

"ம்."

"மேம்படுத்துறீங்களா?"

அந்த வார்த்தை தாளில் இருக்கத்தான் செய்தது. "ம்" என்றார்.

"எல்லா ஊருக்குமா?"

"நெறைய ஊருக்கு."

அவள் முறத்தைத் தரையில் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், துடைத்த பிறகும் கண் நிறைந்துதான் இருந்தது. "இந்த எடத்துல கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்குங்க, எல்லாரும் மேசையைத் தட்டுவாங்க. அவங்க தட்டலைன்னாலும் நான் இங்க டிவி முன்னாடி உக்காந்து தட்டுவேன்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு போய், "நல்லா இருப்பீங்க. அன்னிக்கே ஒரு மகராசன் இப்படிச் சீராக்கியிருந்தா நம்ம புள்ள..." என்று சொல்லிவிட்டு மேலே சொல்ல முடியாமல் அவர் முழங்காலில் கையை வைத்தாள்.

பூட்டப் போறோம் மரகதம். இவ்வளவுதான் சொல்ல வேண்டும், இதற்கு இணைச் செயலாளரின் தமிழ்கூட வேண்டாம். வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் காற்றுதான் இருந்தது. அடிப் பாவி, உனக்குமா புரியவில்லை? உனக்கே புரியவில்லை என்றால் இந்த நாட்டில் யாருக்குப் புரியும்? யாருக்கும் புரியாது. அந்த நினைப்பு வந்ததும் நெஞ்சில் நின்ற சோறுகூடக் கீழே இறங்கியது போல ஒரு ஆறுதல் உடம்பெல்லாம் பரவியது, அந்த ஆறுதலைக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது, துப்பாமல் உட்கார்ந்திருந்தார். எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தன் ரெண்டு பேர் கத்துவான், கத்தி ஓய்வான். பேப்பரில் பதினோராம் பக்கத்தில் ஒரு மூலையில் வரும். மேசையைத் தட்டுவார்கள், நிச்சயம் தட்டுவார்கள். புருவம் சுருங்கினால் என்றுதானே சொல்லிக்கொண்டோம், சுருங்கவில்லையே, அவள் மேல் பாரத்தைப் போட்டோம், அவள் தூக்கிக்கொண்டாள், அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். முழங்காலில் இருந்த கை சூடாக இருந்தது. வாசலில் ஜெபமணி செருமினார்.

"சார், அச்சகத்துலேருந்து திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. எதை அனுப்பறது?"

வெட்டு என்று சொன்னால் அவள் காதில் விழும். சீராக்கம் என்று சொல்ல நாக்கை நம்ப முடியாது. தில்லைநாயகம் கையிலிருந்த தாளை நீட்டினார்.

"வரி வேண்டாம்னு சொல்லுங்க."

"சரிங்க சார்" என்று ஜெபமணி தாளை வாங்கிக்கொண்டு, அம்மாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு நகர்ந்தார்.

"வரியும் கெடையாதா? பரவாயில்லையே!" என்றாள் மரகதம். கீரையை அவள் மறுபடி எடுக்கவில்லை. நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முகத்தில் என்னவோ ஒன்று இளகியிருந்தது, கல்யாணமான புதிதில் உரக்கடைக்குச் சாப்பாடு கொண்டுவருகிற பெண்ணின் முகம் அது, அவர் அதைப் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இத்தனை வருஷம் அவளுக்குள் இழுத்துச் சாத்தியிருந்தது அவர் வாயிலிருந்து வந்த ஒரு பொய்யில் திறந்துகொண்டது. இனிமேல் பேசுவாள். காபி குடிக்கும்போது பேசுவாள், காரில் போகும்போது பேசுவாள், மாத்திரையைக் கையில் கொடுத்துக்கொண்டே பேசுவாள்.

"ஒங்ககிட்ட நான் சொன்னதே இல்லையில்ல?" என்றாள் மெதுவாக. "சொன்னா ஒங்க மனசு தாங்காதுன்னு விட்டுட்டேன். இப்ப சொல்றதுக்கென்ன, அதுக்குத்தான் நீங்க இவ்ளோ பண்ணிட்டீங்களே. அவ்வளவு முடி தலையில. மூக்கு அப்படியே ஒங்க மூக்கு. நீங்க பஸ்ஸைப் புடிக்க ஓடினீங்க பாருங்க, அப்ப என் விரலைக் குடுத்தேன், புடிச்சுக்கிட்டா. நீங்க திரும்பி வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் புடிச்சுக்கிட்டேதான் இருந்தா."

முன்வாசலில் ஜெபமணியின் கார் கிளம்பியது. ஓடிப்போய்க் கையைக் காட்டினால் நிற்கும், கேட் வரைக்கும்தான் தூரம். மரகதத்தின் கை முழங்காலிலேயே இருந்தது.

"கேக்கறீங்களா?" என்றாள்.

"சொல்லு" என்றார்.